மாடசாமியின் கைநாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. முதலமடையில் மாந்தோப்புக் காவலுக்குத் தனியாகப் படுத்து வளர்ந்தவன் நான், பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவன், எத்தனையோ பிணங்களை இந்தக் கையால் தூக்கியவன். யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இப்போது அந்த மாதிரிதான் என்னைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபத்தொன்றாம் வருஷ சண்டை. மேற்கு எல்லையில் ஒரு கரும்புக் காட்டுக்குப் பின்னால் எங்கள் முகாம். டிசம்பர் குளிர் என்றால் சாதாரணக் குளிர் இல்லை, டீயைக் குவளையில் வாங்கி உட்காருவதற்குள் அது பச்சைத் தண்ணீராகிவிடும். என் கூடாரத்தில் இருந்தவன் மாடசாமி, மூணாறு மலையில் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுக்காரன். தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான், அவ்வளவுதான். அவனுடையது தெற்கத்திப் பேச்சு, நான் வாயைத் திறந்து ‘ஊட்டுக்கு’ என்றாலே விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குக் கோபம் வரும், ஆனாலும் அவன் சிரிக்காத நாள் எனக்கு நாளாகவே இருக்காது.

அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த கொஞ்சம் இந்தி எழுத்து தெரியும், அதை வைத்து பேச்சியம்மாளுக்கு என்ன எழுதுவது? பேச்சியம்மாள் அவன் மனைவி, கொழுந்து பறிக்கிறவள், அப்போது நிறைமாதம். அதனால் அவன் சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிப்பேன், அது அவனுக்குப் பிடிக்காது. “அதெல்லாம் எதுக்கு பொன்னு, இன்னைக்கு என்ன கொழம்பு வச்சான்னு கேளு” என்பான். நான் விடமாட்டேன், கடிதம் என்றால் ஒரு முறை இருக்கிறது என்று அதட்டுவேன்.

எழுதி முடித்ததும் ஆபீஸ் மைப்பெட்டியில் இடது கட்டைவிரலை அழுத்தி, கடைசியில் ரேகை வைப்பான். எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் கைநாட்டுதானே, அங்கே கையெழுத்தைவிட ரேகைக்குத்தான் மதிப்பு. சின்ன வயதில் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பட்டு அந்த விரலில் குறுக்கே ஒரு தழும்பு, ரேகையில் அது வெள்ளைக் கோடாக விழும். பேச்சி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கடிதத்தை வாசிக்கக் கொடுப்பாளாம்.

ஒரு சனிக்கிழமை அவனை எல்லைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் முன்வரிசைக்கு அனுப்பினார்கள். கிளம்புமுன் ஒரு வெற்று இன்லண்ட் கடிதத் தாளில் ரேகையை வைத்து என்னிடம் நீட்டினான்.

“அடுத்த வாரம் நல்லா இருக்கேன்னு எழுதிப் போட்ரு. கடுதாசி வரலன்னா சோறு திங்க மாட்டா.”

“ஏனப்பா, நீ சொல்லாம நானா எழுதுனா அது பொய்யாயிராதா?”

“நான் உசுரோட இருக்கேம்லா, அப்புறம் என்ன பொய்யி?”

மறுநாள் விடியற்காலை அவன் இருந்த இடத்தில் குண்டு விழுந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. வண்டியில் ஏற்றியபோது உயிர் இருந்தது, ஆஸ்பத்திரிக் கூடாரம் போய்ச் சேரவில்லை.

அன்றைக்கு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எனக்கு மூளை வேலை செய்யவில்லை, வயிற்றுப் பிள்ளைக்காரி என்பது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தந்தி போய்ச் சேர நாளாகும், அதற்குள் பிரசவம் நல்லபடியாக முடியட்டும் என்று அவன் ரேகை வைத்த தாளை எடுத்து, நலம், நலமறிய ஆவல், நான் சுகமாக இருக்கிறேன், கவலைப்படாதே என்று நாலே வரி எழுதி, ஒட்டி, தபால் பையில் போட்டுவிட்டேன். பை போன பிறகுதான் உறைத்தது. முதலில் தந்தி போய், அதற்கப்புறம் இந்தக் கடிதம் போனால்? அரசாங்கம் செத்துவிட்டான் என்கிறது, அவன் ரேகை சுகமாக இருக்கிறேன் என்கிறது, அவள் எதை நம்புவாள்? ஆயுசு பூராவும் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளே. பையைத் திரும்பப் பிடிக்க ஓடினேன், அது எப்போதோ போய்விட்டிருந்தது. சண்டை முடிந்து லீவு கிடைக்கிற வரைக்கும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மாசி மாதம் ஊருக்கு வந்ததும், உடுமலைப்பேட்டை வழியாக பஸ் பிடித்து மூணாறு போய், அங்கிருந்து பள்ளிவாசல் போனேன். நல்ல வெயில் நேரம். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டியிருக்கிற லயத்து வீடு ஒன்றின் வாசலில் பேச்சியம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“நீங்கதான் பொன்னுச்சாமி அண்ணனா? உள்ள வாங்க.”

“நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க அம்மணி. அந்தக் கடுதாசி…”

“தெரியும்ணே. அவுகளே சொல்லிட்டாக.”

உள்ளே போய் ஒரு இன்லண்டை எடுத்துவந்து கொடுத்தாள். பிரித்தேன். நம்பினால் நம்புங்கள், அது என் கையெழுத்து. சாய்த்து எழுதுகிற பழக்கம், பெயருக்குக் கீழே இழுக்கிற கோடு, எல்லாம் என்னுடையது. ஆனால் சத்தியமாக நான் எழுதியது இல்லை. ‘நலம்’ என்ற ஆரம்பமே இல்லை. இப்படித்தான் இருந்தது: “பேச்சி, என்னைய இனிமே எதிர்பாக்காத. பின்னால என் ரேகையோட இன்னொரு கடுதாசி வரும், அதப் பிரிக்காத. அது நான் இல்ல. எழுதினவன ஏசாத, நல்ல மனசுலதான் செஞ்சான். வந்தான்னா சோறு போடு.”

“எப்ப வந்துச்சுங்க இது?”

“செவ்வாக்கெழம. மறுநாத்தான் இவன் பொறந்தான். தந்தி அதுக்குப் பொறவு வந்துச்சு.”

அவன் செத்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இரண்டே நாள். எங்கள் முகாமிலிருந்து ஒரு கடிதம் இந்த மலைக்கு வந்து சேரப் பத்து நாளாவது ஆகும்.

கீழே ரேகை இருந்தது. தழும்புக் கோடு இல்லை. “இது சோத்துக்கை வெரலுண்ணே. ஏன் மாத்தி வச்சாகன்னுதான் தெரியல” என்றாள். தந்தியில் கையைப் பற்றியெல்லாம் எழுதமாட்டார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

சோறு போட்டாள். கூச்சமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். கிளம்பும்போது நான் எழுதிய அந்தப் பொய்க் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

“பிரிக்கல. நீங்களே வச்சுக்கிடுங்க. இத வீட்டுல வச்சிருக்க மனசு வரல.”

மகன் தலையெடுத்து, அவளும் நல்லபடியாகப் பிழைத்துவிட்டாள். யாரையும் எதிர்பார்த்து வாசலில் உட்காரவில்லை, எனக்கு அது போதும். அந்தக் கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். நான் இன்னும் அதைப் பிரிக்கவில்லை. பிரித்துத்தான் பாருங்களேன் என்று என் மகன் சொல்வான், நான் எரிந்து விழுவேன். அவனுக்கென்ன தெரியும். நான் எழுதியது நாலே வரி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே தாள் நிறைய எழுத்து தெரிகிறது.