வெடி வைத்த கிணறு

உரும்பிராயில் எங்கள் வளவுக் கிணற்றை ஆழமாக்க ஐயா வெடி வைத்தார். சிதறிய வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகள் பதிந்திருந்தன. ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த கல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். படித்ததால் புத்தி வந்துவிடவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வளவிலிருந்து ஐயாவின் தம்பி, என் சித்தப்பா, பாய்ந்து வந்தார். அவருடைய கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதாம்.

"அண்ணை, உன்ரை வெடி என்ரை தண்ணியை இழுத்துப் போட்டுது!"

"கல்லுக்குள்ளாலை தண்ணி ஓடுமோடா, விசரா?" என்று ஐயா சிரித்தார்.

சிரித்து முடியவில்லை, சித்தப்பா கல் பெயர்க்க வைத்திருந்த எங்கள் இரும்பு அலவாங்கையே தூக்கி அடித்தார். ஐயாவின் முன்கை முறிந்து எலும்பு வெளியே வந்தது. வெள்ளைக் கல்லெல்லாம் இரத்தம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சித்தப்பாவைக் கொல்லத்தான் ஓடினேன்; அயலவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொலிஸ் அவரைக் கொண்டுபோன பிறகும் என் ஆத்திரம் அடங்கவில்லை. தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப்போய் அவருடைய கிணற்றுக்குள் கவிழ்த்தேன்.

"பிள்ளையள் குடிக்கிற தண்ணியடா, பாவி!" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதா. டின்னை அவவின் காலடியில் எறிந்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா எங்கள் கிணற்றில் அள்ளிய தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கட்டோடு வந்திருந்த ஐயாவிடம் கொடுத்தா. ஒரு வாய் குடித்தவர் அப்படியே துப்பினார். செம்பை மணந்து பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார்.

"அவன் சரியாய்த்தான் சொன்னவன்," என்றார்.

முறியாத கையால் என் கன்னத்தில் அறைந்தார்.