செல்வி அக்கா வாசலில் ஓர் ஈரக் கோணி

இன்று காலை நாட்டுக்கோழி முட்டை வாங்க, அடையாற்றங்கரைச் சந்தில் இருக்கும் செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலுக்கு நான்கடி முன்னாலேயே கயிறு கட்டியிருந்தது. அதற்கடியில் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் நனைத்த கோணி. அவருடைய பன்னிரண்டு கோழிகளும் பழைய மீன்வலை போர்த்திய கூண்டுக்குள் இருந்து என்னை முறைத்தன.

"இன்னா நைனா, லேட்டு?" என்றார் அக்கா.

"மாடில காக்காவுக்குச் சோறு வெச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல."

அவ்வளவுதான். கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"ஊரெல்லாம் பறவைக் காய்ச்சல்ல காக்கா செத்து வுழுந்துகினு கீது. நீ அதுக்குப் பந்தி போட்டுட்டு, அதே செருப்போட என் கோழியாண்ட வர்றியா? ஒரு கோழிக்கு வந்துச்சுன்னா இந்தச் சந்துல கீற அத்தினி கோழியையும் அழிச்சிருவாங்க."

செருப்பைக் கோணியில் அழுத்தித் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு, தயங்கித் தயங்கி முட்டை கேட்டேன்.

"கவர்மெண்டு டாக்டர் வந்து பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் விக்கிறதில்ல. காலைல நாலு பேரு கேட்டாங்க, தரல."

அவருக்குப் பிழைப்பே அந்த முட்டைதான். குரலில் துளி தயக்கமில்லை.

பறவைக் காய்ச்சல் எச்சரிக்கையை நேற்று மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பியவன் நான். அதைக் கடைப்பிடிக்கும் ஒருவரை இன்றுதான் பார்த்தேன்.

நாளை அமாவாசை. காக்கை சாப்பிட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் இலை போடுவார்கள். என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்காவிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.