தம்பி அணைக்காத போன்

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எங்கள் வீடு. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் விழித்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "சின்னவனை வரச் சொல்லுப்பா."

சின்னவன் என் தம்பி. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க்குள் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறான். மூட்டத்தில் தீ வைத்துவிட்டால் விட்டு நகர முடியாது. மண் பூச்சு விரிசல் விட்டுக் காற்று போனால் அவ்வளவும் சாம்பல்தான். அதனால் அங்கேயே கிடப்பான். அவனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. எத்தனை முறை போட்டாலும் அதே குரல்.

"பள்ளத்துல டவர் எடுக்காம இருக்கும். பைக்குல ஆள் அனுப்புவோமாங்க?" என்றாள் என் மனைவி.

செல்போன் டவர்களில் பேட்டரியும் ஜெனரேட்டரும் பார்ப்பதுதான் என் வேலை. என்னிடமே டவர் கதையா என்று எகிறினேன். "டவர் இல்லாட்டி தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லும். பட்டனை அமுக்கி அணைச்சாத்தான் போனு டவர்கிட்டச் சொல்லிட்டுப் போகும், அப்பத்தான் இப்படி வரும். பொங்கலுக்கு நான் திட்டுனேன்ல, அந்த ரோசம். தானா ஆன் பண்ணுவான், விடு."

மத்தியானம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் அம்மா. பிறகுதான் பயந்துபோய் ஆள் அனுப்பினேன். அம்மா காத்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். மறுநாள் சுடுகாட்டில், கரி படிந்த கையோடு தம்பி குடத்தைத் தூக்கினான். நான் பிடுங்கினேன். "உசுரோட இருக்கையில போனை அணைச்சு வச்சவனுக்குக் கொள்ளி ஒரு கேடா?" என்று பங்காளிகள் முன்னால் கத்தினேன்.

"நான் அணைக்கலண்ணே. ஆன்லதான் இருந்துச்சு" என்றான். டவரில் வேலை பார்ப்பவன் பேச்சை விட்டுக் கரிமூட்டக்காரன் பேச்சை யார் நம்புவார்கள்? கொள்ளியை நானே வைத்தேன்.

அவன் அதன் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. இந்த மாசியில் முதல் திதிக்கு அழைக்க வேண்டுமே என்று அந்தக் கண்மாய்க்குப் போனேன். அவன் மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். "இருங்கண்ணே" என்றதோடு சரி. வேலை முடியட்டும் என்று பொழுது சாயும் வரை மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். "வாரேன்" என்று ஒரு சொல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டுக்கு ஏறியதும் போன் அடித்தது. மனைவி.

"போனை எதுக்குங்க அணைச்சு வச்சீக? மத்தியானத்துல இருந்து அதையே சொல்லுது!"

என் போன் சட்டைப் பையில், ஆனில், முழு சார்ஜோடு இருந்தது.

மறுநாள் எங்கள் இன்ஜினியரிடம் கேட்டேன். நாம் ஊர் ஊராகப் போகும்போது போன் டவருக்கு டவர் மாறித் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும், அது எனக்குத் தெரியும். சும்மா கிடக்கும்போதும் அவ்வப்போது 'இங்கேதான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டுமாம். டவர் எடுக்காத பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் அந்தச் சேதி வராது. கொஞ்ச நேரம் எல்லைக்கு வெளியே என்று சொல்லும். ரொம்ப நேரம் சத்தமே இல்லையென்றால் நெட்வொர்க்கே அணைந்துவிட்டதாகக் குறித்துக்கொள்ளுமாம். "இது தெரியாதாண்ணே உங்களுக்கு?" என்று சிரித்தார் அவர். எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்தது. என் அரைகுறைப் படிப்பை வைத்து ஒரு பிள்ளையைத் தாய் முகம் பார்க்க விடாமல் செய்துவிட்டேன்.

அன்றைக்கே மறுபடி போய் அவன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான், மண்வெட்டியால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அம்மா என்னையத் தேடுச்சாண்ணே?"

ஒரு வருடமாக அதைக்கூட நான் அவனிடம் சொல்லவில்லை! "உன்னையத்தான் கேட்டுச்சுடா. வேற யாரையுமே கேட்கல" என்றேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

திதிக்கு அவனைத்தான் உட்கார வைத்தேன், பங்காளிகள் எல்லோரும் பார்க்க. ஆனால் கொள்ளியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இப்போதும் யாருக்காவது போன் போட்டு 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று கேட்டால், அவர்கள் மேல் கோபப்பட எனக்கு வாய் வருவதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் தேடிப் போய்விடுகிறேன்.