மூன்று தடவை மறுத்தவர்

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மில்லிக்கனில் ஒரு சீனக் கடைத்தொகுதியில் றெமிஜியஸ் பதினாறு வருடமாகக் காவல் வேலை பார்க்கிறார். இத்தனை வருடத்தில் கள்ளனைப் பிடித்தது இரண்டே தடவை. மற்ற நேரமெல்லாம் அவர் பிடித்துக்கொண்டிருந்தது சீனச் சரித்திரத்தை. அங்கே தேநீர்க்கடை வைத்திருக்கும் லாவ், ராஜா காலத்துத் தொடர்களைத் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடவிடுவார். இடைவேளைக்கு அங்கே ஒதுங்கப் போன றெமிஜியஸ், நாளடைவில் நூலகத்திலிருந்து தலையணை மொத்தத்தில் புத்தகங்கள் எடுத்து வந்து வாசிக்கத் தொடங்கினார். வீட்டில் எதைப் பேசினாலும், "உந்தக் கதையை விடுங்கோ, சாவோ குடும்பம் என்ன செய்தது தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுவார். மனைவி ஜோசபின், அந்த நேரம் பார்த்து ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்.

சாவோ குடும்பத்தில் அவருக்கு அப்படியொரு பிடிப்பு. ஹான் வம்சத்தின் கடைசிச் சக்கரவர்த்தியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அவர் வாயாலேயே சிம்மாசனத்தை விட்டுத்தரச் செய்த குடும்பம் அது. நாற்பத்தைந்து வருடத்தில் அதே சிம்மாசனத்தை அதே முறையில் அவர்களிடமிருந்து சிமா குடும்பம் பறித்தது. தன் வினை தன்னைச் சுடும் என்று நம்முடைய ஆட்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சரித்திரம் அவ்வளவு சுலபமாக முடிக்கவில்லை. சிமா காலத்தில் எழுதியவர்கள் சாவோ குடும்பத்தை முறையான அரசர்கள் என்றே எழுத வேண்டியிருந்தது. அவர்களைத் திருடர் என்று எழுதினால், அவர்களிடமிருந்து வாங்கிய சிமாக்களை என்னவென்று எழுதுவது? பல நூறு வருடம் கழித்து, பயப்பட யாருமில்லாத காலத்தில், மேடை நாடகக்காரர்கள் அந்தக் குடும்பத்துத் தலைவர் சாவோவின் முகத்துக்கு வெள்ளை பூசி வில்லனாக்கினார்கள். லாவின் கடையில் இப்போது ஓடும் தொடரிலோ அவர்தான் கதாநாயகன்.

"ஆர் எழுதினவையோ, அவையின்ர ஞாயம்தான் ஞாயம்," என்பார் றெமிஜியஸ், பெரிய நீதிபதி மாதிரி. அந்த நீதிபதியின் வீட்டுக்கே ஒரு வழக்கு வந்து சேர்ந்தது.

ஊர்க்காரர் சேர்ந்து நடத்தும் சங்குத்துறை மக்கள் ஒன்றியத்துக்கு முப்பது வயதாகிறது. மார்க்கம் நகரத்தில் வேலை செய்யும் மகள் ஏஞ்சலா, ஆண்டு விழாவன்று ஒன்றியத்தின் தலைவியாகப் பொறுப்பேற்கப் போகிறாள். விழா மலருக்கு ஒன்றியத்தின் வரலாற்றை எழுதும் வேலையை அவள் அப்பாவிடம் கொடுத்தாள். நம்முடைய சங்கங்களில் மலரில் அச்சாவதுதான் சரித்திரம். அதில் படம் வராத ஆள் பிறக்கவே இல்லை.

"ரெண்டு பேஜ் எழுதினாக் காணும் அப்பா. மண்டே பிரிண்டுக்குக் குடுக்கோணும்," என்றாள்.

றெமிஜியஸ் பேஸ்மென்டிலிருந்து பழைய கோப்புகளை எடுத்து வந்தார். 2003ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பில் இப்படி இருந்தது: 'தலைவர் திரு. அமிர்தநாதர் உடல்நலக் குறைவு காரணமாகப் பதவி விலகினார். திரு. றெமிஜியஸ் மூன்று தடவை மறுத்தும், சபையோரின் வற்புறுத்தலால் தலைமையை ஏற்றுக்கொண்டார்.' கீழே, செயலாளர் என்று றெமிஜியசின் சொந்தக் கையெழுத்து.

அமிர்தநாதருக்கு அன்று ஒரு தும்மல் தடிமன்கூட இருக்கவில்லை. பார்க்டேலில் தன்னுடைய இரண்டு அறை வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி ஒன்றியத்தைத் தொடங்கியவர் அவர். ஒன்பது வருடம் தலைவராக இருந்தார். மற்றவர்களைப் பேசவிடமாட்டார், அது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, றெமிஜியசுக்கு அந்தத் தலைவர் கதிரை வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு முந்தின வாரம் மச்சான் வழி, சகலன் வழி என்று தேடிப்பிடித்து நாற்பத்திரண்டு பேரைப் புதிதாக அங்கத்தவர் ஆக்கினார். கூட்டத்தன்று, மண்டப வாசலில் காரிலிருந்து இறங்கிய அமிர்தநாதரிடம், தானே தட்டச்சு செய்து வைத்திருந்த விலகல் கடிதத்தை நீட்டினார்.

"அண்ணை, சனம் எங்கட பக்கம். வோட்டுக்கு விட்டால் உங்களுக்குத்தான் அவமானம். இதில ஒரு கையெழுத்தைப் போடுங்கோ."

அவர் போட்டார். அதற்குப் பிறகு ஒன்றியத்தின் பக்கமே வரவில்லை. றெமிஜியஸ் பதினொரு வருடம் தலைவராக இருந்தார்.

ஹான் சக்கரவர்த்தியின் முடிதுறப்பு அறிக்கையை எழுதியதே சாவோவின் ஆட்கள்தான் என்றும், சாவோவின் மகன் மூன்று தடவை வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் முடியைச் சூடினான் என்றும் ஒரு நாள் புத்தகத்தில் வாசித்தபோது, லாவின் தேநீர் கையிலேயே ஆறிப்போனது. செத்து ஆயிரத்தெண்ணூறு வருடமான ஒரு குடும்பத்துக்குத் தான் ஏன் இப்படி வக்காலத்து வாங்குகிறோம் என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது கை பழைய பாதையிலேயே போனது. அமிர்தநாதர் கூடாத தலைவர் என்று எழுத முடியாது, ஒன்றியமே அவர் போட்ட பிச்சை. நல்ல தலைவர் என்று எழுதினால், பிறகு ஏன் விலத்தினாய் என்று கேட்பார்கள். உடல்நலக் குறைவு என்றால் எல்லாருக்கும் வசதி. அப்படியே எழுதி முடித்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த ஏஞ்சலா அதை வாசித்தாள். வாசித்துவிட்டு, "பாவம், அமிர்தநாதர் அங்கிளுக்கு உடம்பில என்ன வருத்தம் அப்பா?" என்று கேட்டாள்.

சிமா குடும்பத்தில் பின்னால் வந்த ஒரு சக்கரவர்த்தி, எங்கள் முன்னோர் இந்த முடியை எப்படி அடைந்தார்கள் என்று மந்திரியிடம் கேட்டாராம். மந்திரி உள்ளதை உள்ளபடி சொன்னாராம். சக்கரவர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு கட்டிலில் குப்புற விழுந்து, அப்படியென்றால் எங்கள் வம்சம் எப்படி நிலைக்கும் என்று கேட்டாராம். றெமிஜியஸ் பயந்தது அதற்குத்தான். நாளைக்குத் தலைவியாக நிற்க வேண்டிய பிள்ளை தன்னால் முகத்தை மறைக்க வேண்டி வந்தால் அவரால் தாங்க முடியாது. பொய் சொல்ல வாய் திறந்தார். வெளியே வந்தது உண்மை. நாற்பத்திரண்டு பேர், கடிதம், மூன்று தடவை மறுத்த நாடகம், எல்லாவற்றையும் சொன்னார்.

ஏஞ்சலா முகத்தை மறைக்கவில்லை. நேரே பார்த்தாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் இருக்கப்போற தலைவர் செயார், நீங்கள் ஏமாத்தி எடுத்ததா?"

"ஓம்."

"அங்கிள் இப்ப எங்க இருக்கிறார்?"

"அதே பார்க்டேலிலதான். தனிய."

"எழுதுங்கோ அப்பா. இப்ப சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ. எழுதின பிறகு போவம்."

பின்னேரம் மூன்று மணிக்கு அமிர்தநாதரின் கதவைத் தட்டினார்கள். எண்பத்து நான்கு வயது, முதுகு மட்டும் நிமிர்ந்தபடி இருந்தது. கதவைத் திறந்து விட்டுவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். றெமிஜியஸ் நீட்டிய தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"நாப்பத்திரண்டு பேரே? நான் முப்பது எண்டுதான் நினைச்சன்," என்றார். பிறகு, "எல்லாம் சரி. ஒண்டை விட்டிட்டாய்."

"என்னண்ணை?"

"நான் கையெழுத்துப் போட்டு முடிய, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நீ அழுதனி."

றெமிஜியஸ் அதை மறந்திருக்கவில்லை. எழுதினால் தன்னை நல்லவனாகக் காட்டுவது போலாகும் என்றுதான் விட்டிருந்தார்.

"இருவது வருசமா யோசிக்கிறன்," என்றார் அமிர்தநாதர். "அது உண்மையோ, நடிப்போ?"

றெமிஜியஸ் சொன்னார்: "எனக்கும் தெரியாதண்ணை."

அமிர்தநாதர் தாளை அவரிடம் கொடுக்காமல் ஏஞ்சலாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீதானே இனித் தலைவர். உவன் அழுதவன், ஏனெண்டு உவனுக்கே தெரியாது எண்டு கீழ எழுது."

ஏஞ்சலா பேனையை எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் எழுதினாள். எழுதிவிட்டு, "விழாவுக்கு வருவீங்களா, அங்கிள்?" என்று கேட்டாள்.

"முதல்ல அச்சடிச்சு வரட்டும்," என்றார் அமிர்தநாதர். "வாசிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்."