வெந்தய டப்பாவில் இருந்த பவுன்

தங்கத்துக்கு மணம் கிடையாது என்பார்கள். எங்கள் வீட்டுத் தங்கத்துக்கு உண்டு. மூக்கருகே கொண்டுபோனால் லேசான கசப்போடு வெந்தய வாசம் அடிக்கும். அடுக்களை அலமாரியின் மேல்தட்டில், பெருங்காய டப்பாவுக்கும் சுக்கு டப்பாவுக்கும் நடுவே இருந்த ஒரு தகர டப்பாவில், இங்கிலாந்து ராஜாவின் தலை போட்ட பழைய பவுன் காசுகளை வெள்ளைத் துணியில் முடிந்து, அதன்மேல் இரண்டு படி வெந்தயத்தைக் கொட்டி அம்மா மூடி வைத்திருந்தாள். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில் யார் வந்து ஒரு கை வெந்தயம் கேட்டாலும் “நேத்துதான் தீந்துச்சு” என்பாள். வருஷக்கணக்காக இதையே கேட்டுக் கேட்டு மனம் இளகிப்போன அடுத்த வீட்டு அக்கா, ஒருநாள் மளிகைக் கடையிலிருந்து ஒரு படி வெந்தயம் வாங்கிவந்து, “டீச்சர் வீட்டுல எப்பவும் இல்லைங்கியளே, வச்சுக்கிடுங்க” என்று கொடுத்துவிட்டுப் போனார். பொய்யே சொல்லாத எங்கள் அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் தங்கம் காசாக இருந்ததற்குக் காரணம் பக்தி. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்பா நெசவாளர் சங்கமொன்றில் எழுத்தர். தலைமுறை தலைமுறையாக மணியடிக்கும் பழைய கோயிலைச் சேர்ந்தவர். நாங்கள் கிறிஸ்தவர்கள்; தேவாலயத்தைக் “கோயில்” என்றுதான் சொல்வோம். அம்மா நடுநிலைப் பள்ளியில் டீச்சர். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, எழுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியோடு ஓலைக் கொட்டகையில் நடந்த சின்னதொரு சபைக்குப் போகத் தொடங்கிய அம்மா, அந்த வருஷமே கிணற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அந்தச் சபையில் நகை போடக் கூடாது. கழுத்துச் சங்கிலி, வளையல், கம்மல் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றினாள்; தாலிச் சங்கிலியையும்தான். “நான் கட்டுனதயும் கழட்டிட்டா. ஆளு மிச்சம் இருக்காளே, அது போதும்” என்று அப்பா என்னிடம் மட்டும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் காதில் கிடந்த பொட்டுக் கம்மலும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தெற்குப் பக்கமிருந்த ஆசாரி பட்டறைக்குப் போனாள். கரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆசாரி நகைகளை ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, என்ன செய்யணும் என்று கேட்டார். காசாகத் தாருங்கள் என்றாள் அம்மா. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இத்தன வருசமா காசக் கொண்டாந்து கம்மல் கேக்கவங்களத்தான் பாத்திருக்கேன். கம்மலக் கொண்டாந்து காசு கேக்க ஆள இன்னைக்குத்தான் பாக்கேன், டீச்சர்.”

“கம்மல் போடக் கூடாதுன்னுதான் எங்க சபையில சொல்லுதாங்க அண்ணாச்சி. காசு வைக்கக் கூடாதுன்னு சொல்லல.”

புதுசாகக் காசு அடிக்கச் சட்டம் விடாது, பழைய ராஜா தலை எங்காவது கிடைத்தால் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன ஆசாரி, சொன்னபடியே ஒரு மாதத்தில் தந்தார். ஆனால் அரக்கையும் பற்றவைத்த பொடியையும் கல்லையும் கழித்தபோது, ஆறு பவுன் என்று அம்மா நினைத்திருந்த நகை நாலரைப் பவுனாகக் குறுகிவிட்டது. அப்பா, “தாய்ப்பொன்னுலயும் மாப்பொன் எடுப்பான் தட்டான்னு சும்மாவா சொன்னான்” என்று, ஆசாரி கொஞ்சம் சுரண்டியிருப்பார் என்ற அர்த்தத்தில் பழமொழியை எடுத்துவிட்டார். அம்மாவுக்கோ வேறு ஞானம் பிறந்தது. நகையாக வாங்கினால் அதில் பாதி அரக்கு, காசாக வாங்கினால் முழுசும் தங்கம். ஆண்டவர் நகையைக் கழற்றச் சொன்னதில் இப்படியொரு லாபமும் இருக்கிறதே என்று அவள் மெய்யாகவே வியந்தாள். அன்று முதல் சம்பள பாக்கி சேர்ந்து வந்தாலோ, நாலு பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் கொஞ்சம் மிஞ்சினாலோ ஓர் அரைப் பவுன் வாங்கி வெந்தயத்துக்குள் புதைப்பாள். பாஸ்டர் ஐயாவுக்கு இது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்பது அம்மாவின் முடிவு. “இந்தா பாரு, இந்த அரை உன் கம்மலுக்குப் பதில். இது உன்னது” என்று முதல் நாளே ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டாள்.

என்னுடையது என்றால் என்ன பிரயோசனம்? காசைக் காதில் மாட்ட முடியுமா? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்மலோ தோடோ கிடந்தது; வழியில்லாதவர்களுக்குக்கூடப் பித்தளையில் ஒரு வளையம் கிடந்தது. எனக்கு மட்டும் மூளிக் காது. அதைவிடப் பெரிய பயம், ஒன்றும் போடாமல் விட்டால் துளை தூர்ந்துவிடும் என்று பிள்ளைகள் சொன்னதுதான். தூர்ந்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் இல்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, வேப்ப ஈர்க்கை ஒடித்துக் காதில் செருகிப் பின்னலால் மறைத்துக்கொண்டு திரிவேன். சபைக்குப் போகும்போது உருவிவிடுவேன், வந்ததும் செருகிக்கொள்வேன். “ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு” என்று அப்பா சொல்லுவாரே, அதுபோலத்தான் நாலு வருஷம் ஓடியது. இடது காது இரண்டு முறை பழுத்து நீர் வடிந்தது. எறும்பு கடித்தது என்றேன். அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை.

பதின்மூன்றாவது வயதில் பொறுமை தீர்ந்துவிட்டது. ஊர்த் திருவிழாவான ஆடித்தபசுக்குப் பத்து நாள் இருந்தது. ஊரெல்லாம் புதுப்பாவாடையும் புதுத்தோடுமாக ஆகிக்கொண்டிருந்தது. அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் டப்பாவைக் கவிழ்த்து, என் அரைப் பவுனை எடுத்துக்கொண்டு ஆசாரி பட்டறைக்கு ஓடினேன். என்னுடையதைத்தானே எடுக்கிறேன், இது திருட்டாகுமா என்று வழியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு போனேன். ஆசாரி, அம்மன் கோயில் உண்டியலில் நேர்ந்துகொண்டு போடுகிறவர்களுக்காக வெள்ளித் தகட்டில் பாம்பும் தேளும் வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

“அம்மையா குடுத்துவிட்டா?”

“ஆமா. கம்மலு செய்யணுமாம். பூக் கம்மலு.”

என் முகத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். அதில் ஈர்க்கு இருந்தது. காசை ரோஸ் தாளில் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, “வெள்ளிக்கிழம வா மக்கா” என்றார்.

வெள்ளிக்கிழமையை நானே விரும்பிக் கேட்டிருந்தாலும் அப்படி வாய்த்திருக்காது. அன்று சபையில் உபவாச ஜெபம். பொழுது சாயும்வரை அம்மா எழுந்திருக்க மாட்டாள். ஆனால் நான் பட்டறைக்குப் போனபோது வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. ஜெபத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்! நான் காசு கொடுத்த அன்றைக்கே ஆசாரி பள்ளிக்கூட வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பிள்ளை அடி வாங்கப்போகிறதே என்று ஆசாரியே முந்திக்கொண்டார்.

“அடிக்காதீங்க டீச்சர். காதுல குச்சியச் சொருகிக்கிட்டு வந்து நிக்கா. எனக்கே பாக்கச் சகிக்கல.”

அம்மா அடிக்கவில்லை. வெகுநேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காதுக்கு நாலு வருஷமாக மஞ்சள் போட்டது அவள்தான்.

“அண்ணாச்சி, இப்ப செய்யாதீங்க. எங்கூட இருக்கவரைக்கும் இவ என் சபைக்குத்தான் வரணும், கம்மல் போட்டுட்டு வரமுடியாது. இவ கல்யாணம் ஆகிப் போறப்ப, இதே காசுல, இவ கேட்ட மாதிரியே செஞ்சு குடுங்க. அதுவர உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“எங்கிட்டயா?”

“வீட்டுல இருந்தா நான் மனசு மாறிருவேன்.”

திரும்பி வரும் வழியில் அம்மா, தாலுகா ஆபீசைத் தாண்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, கொப்பை வளைத்து இளசாக ஓர் ஈர்க்கை ஒடித்து, தோலை நகத்தால் சீவி மழுங்கவைத்து, என் காதில் அவளே போட்டுவிட்டாள். “முரட்டுக் குச்சியப் போட்டா புண்ணாகத்தாம்ட்டி செய்யும்” என்றாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என் அம்மா மாதிரி ஒருத்தி இந்த உலகத்தில் உண்டா என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

பத்து வருஷம் கழித்து எனக்குப் பழைய கோயிலிலேயே மாப்பிள்ளை அமைந்தது. ஆசாரி ரோஸ் தாளைப் பிரித்து, அதே காசை என் கண் முன்னால் உருக்கி, பூக் கம்மல் செய்து தந்தார். கூலி வாங்கவில்லை, சேதாரமும் எடுக்கவில்லை. அப்பா தன் பழமொழியை அன்றோடு விட்டுவிட்டார். கல்யாணத்தன்று அம்மா வெறுங்கழுத்தும் வெறுங்காதுமாகப் பழைய கோயிலின் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, சத்தமாகப் பாட்டுப் பாடினாள். மிச்சமிருந்த காசையெல்லாம் வெந்தயத்தைக் கூட உதறாமல் என் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. ஆசாரியும் இல்லை, பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஓலைக் கொட்டகை மாடிக் கட்டடமாகிவிட்டது. ராஜா தலைப் பவுனை இப்போது கடையில் நீட்டினால், கவுண்டரில் நிற்கிற பிள்ளை “பில் இருக்கா மேடம்?” என்கிறது, அவர்களிடம் இருப்பது பிளாஸ்டிக் அட்டைக்குள் ஒட்டவைத்த காசு, மோந்து பார்க்கக்கூட முடியாது. போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எண்பத்தாறு வயது. யாரிடம் எதை மறைக்கவேண்டும் என்பதெல்லாம் மறந்துபோகிற வயது.

“உன் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருசம் அவளுக்குச் சபையில திருவிருந்து அப்பம் குடுக்கல, தெரியுமா?” என்றார். “பொண்ணு காதுல நகையோட நிக்கப்போ, நீ முன்னால உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியேன்னு பின்பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. எல்லாரும் திருவிருந்து எடுக்கப்போ இவ மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருப்பா. ஒரு வருசம்.”

அந்த ஒரு வருஷத்தில் மாதம் ஒருமுறையாவது நான் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் என் காதைத் திருப்பிப் பார்த்து, திருகாணி சரியாக இருக்கிறதா என்று முடுக்கிவிடுவாள்.

“எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“நானும் சொல்லத்தான் சொன்னேன். சொன்னா அந்தப் பிள்ள கம்மலக் கழட்டிரும், வேண்டாம்னுட்டா.”

அம்மாவுக்கு என்னைத் தெரியும். நான் கழற்றியிருப்பேன்.