சிகரெட் கம்பெனியில் என் நைனாவின் பங்கு

பங்கு வாங்கியிருக்கிறேன் என்று நைனாவிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. காசிமேட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். போட்டு என்கிற விசைப்படகு கரைக்கு வந்து, மீன் ஏலம் போய், டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிஞ்சியதை அதில் ஏறினவர்கள் பிரித்துக்கொள்வது. முப்பது வருடம் விசைப்படகில் போனவர் அவர். எந்தப் போட்டு என்று கேட்டார். போட்டு இல்லை, சிகரெட் கம்பெனி, பணம் போட்டால் லாபத்தில் பங்கு தருவார்கள் என்றேன்.

"ஏறாதவனுக்கு இன்னாடா பங்கு?" என்றார்.

சிரித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காட்டுப்பள்ளித் துறைமுக ஆபீஸில் என் பக்கத்து மேஜை நண்பன் சொல்லித்தான் வாங்கினேன். கேஸ் போடுவார்கள், வரியை ஏற்றுவார்கள், விலைகூடச் சாயும், ஆனால் டிவிடெண்ட் நிற்காது என்று அவன் அடித்துச் சொன்னான். சொன்னபடியே வந்தது.

பிறகு, கடலில் சிகரெட் ஊதியே பழகிய நைனாவின் கன்னத்துக்குள் வெகுநாளாக இருந்த வெள்ளைத் திட்டு புண்ணானது. குழம்பு ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவார். ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் என்றார்கள்.

அந்தப் பத்து நாளில்தான் கம்பெனியின் ஆண்டறிக்கையை முழுதாகப் படித்தேன். அதுவரை டிவிடெண்ட் பக்கத்தோடு மூடிவிடுவேன். அபாயங்கள் என்று ஒரு பகுதி. பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் பெரிதானால் அபாயமாம். வரி அபாயமாம். நோய் வந்தவர்கள் வழக்குப் போட்டால் அதுவும் அபாயமாம். யாருக்கு? எனக்கு! புண் வந்தவன் சாப்பிட முடியாமல் கிடக்கிறானே என்று ஒரு வரி இல்லை. அவன் கோர்ட்டுக்குப் போய்விடுவானோ என்பதுதான் கவலை. கைநாட்டு வைக்கிற என் நைனா எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? போகமாட்டார் என்ற தைரியத்தில்தான் எனக்கு டிவிடெண்ட் வந்துகொண்டிருந்தது.

நண்பனிடம் பொரிந்து தள்ளினேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "உங்க நைனாவ கட்டிப் போட்டா ஊத சொன்னாங்க மாமு?" என்றான்.

கட்டிப் போடவில்லைதான். ஆனால் நாள்கணக்கில் கடலில் நின்று வலை இழுப்பவனுக்குப் பசியையும் தூக்கத்தையும் அதுதான் அடக்கும். அது தெரிந்துதான் ஓனர் அரிசி, தண்ணீரோடு சிகரெட்டையும் ஏற்றுவார். கரைக்கு வந்ததும் அதற்கும் சேர்த்துப் பங்கில் பிடித்துக்கொள்வார். இதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்கும் பொறுமை எனக்கு இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

முடிவு வந்தது. புற்றுதான். தாடையில் கொஞ்சம் எடுக்க வேண்டும், பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், அந்தப் பங்கை எல்லாம் இன்றைக்கே விற்றுத் தலைமுழுகப் போகிறேன் என்று நைனாவிடம் கத்தினேன். படியில் உட்கார்ந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நோவுல படுத்துக்கினவனுக்கு எந்தப் போட்லயாச்சும் பங்க நிறுத்துவாங்களாடா? இத்தினி வருசம் அந்த சிகரெட்காரன் போட்லதான நானு கீறேன். நீ பாட்டுக்கு வித்துட்டு வந்தா என் பங்க யாராண்ட போய் கேக்கறது?"

கம்பெனிக்கு அவர் யாரென்றே தெரியாது, அந்தக் காசு அவருக்காக வருவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

விற்கவில்லை. ஆபரேஷன் முடிந்த மாதம் வந்த டிவிடெண்டை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தேன். வாயைக் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. நோட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவ்வளவுதானா என்பதுபோல் கையை விரித்தார்.