புதைத்த பிறகு அசைந்த பிள்ளை

1997-ஆம் வருடம், ஆனி மாதம். செய்யூருக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். கணவர் கல்பாக்கத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்தார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. அதனால் மூன்றாவது தடவை நாள் தள்ளிப் போனபோது நான் வெளியே மூச்சு விடவில்லை. ஊருக்கு வரும் சுகாதார நர்ஸ் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்து, தன் பெரிய நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் முடியும் தறுவாயில் ரத்தப்போக்கு. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேன் பிடித்து ஓடினோம். அங்கே ஸ்கேன் வசதி கிடையாது. கலைந்துவிட்டது என்று சொல்லி, சுத்தம் செய்து அனுப்பினார்கள். எடுத்ததைக் கணவர் ஒரு பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொண்டார். முந்தைய இரண்டையும் அநாதையாகப் போட்டுவிட்டு வந்ததால்தான் எதுவும் தங்கவில்லை என்பது அத்தையின், அதாவது என் மாமியாரின், தீர்மானம். எனவே இதைத் தோப்புக்குள் ஒரு சவுக்கு மரத்தடியில் முறையாகப் புதைத்தார்கள். பெரிய மனிதருக்குச் செய்வதுபோல் மூன்றாம் நாள் பால்கூடத் தெளித்தார்கள். என்ன கூத்து இது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

உடம்பு தேற்றிக்கொள்ள கருங்குழியில் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தேன். மாதவிலக்கு திரும்பவில்லை. பலவீனம், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். அடிவயிற்றில் வலது பக்கம் மட்டும் ஒரு மேடு தெரிந்தது. இடது பக்கம் தட்டையாகவே இருந்தது. வாயு என்று பெருங்காயம் தின்று பார்த்தேன். வெளியே சொல்ல வெட்கம்.

ஆவணி கடைசியில் ஊர் திரும்பினேன். மறுநாள் காலை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்த மேட்டுக்குள் ஏதோ புரண்டது. முந்தைய இரண்டும் அசையும் வயதுக்கு வந்ததே இல்லை. அதனால் அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. சற்றுக் கழித்து மறுபடி புரண்டது. கை வைத்தால் நின்றுவிடும், யாரோ ஒளிந்துகொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வது மாதிரி. கையை எடுத்தால் மெதுவாக ஆரம்பிக்கும். பிள்ளையைப் புதைத்தாயிற்று, பாலும் தெளித்தாயிற்று. அப்புறம் உள்ளே இருப்பது என்ன? என் வயிற்றோடு நான் தனியாக இருக்கவே பயந்தேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தையிடம் காட்டினேன். வயிற்றில் கை வைத்தவர் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

“பொதைச்சது போவலடி. திரும்பி வந்துகீது” என்றார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அத்தையைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நாலு நாள் பொறுக்கலாம், மகனிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் அவர் சொன்னார். இன்றே இது என்னைவிட்டுப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். கடலோரத்தில் பேய் பிசாசுக்குக் கழிப்புக் கழிக்கும் ஒரு ஆளிடம் மருந்து வாங்கி வர அத்தையை அனுப்பியதும் நான்தான். புதைத்த இடத்திலேயே நின்று, உச்சிப் பொழுதில் குடிக்க வேண்டும், உள்ளே இருப்பது எதுவானாலும் வெளியே வந்துவிடும் என்று அந்த ஆள் சொல்லி அனுப்பியிருந்தான்.

கணவர் வேலைக்குப் போன பிறகு நானும் அத்தையும் தோப்புக்குள் போனோம். மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு காக்கைகூட இல்லை. காற்றில் சவுக்கு மரங்கள் மட்டும் ஓயாமல் இரைந்தன. புதைத்த இடத்தில் மணல் ஒரு சாண் உள்வாங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும், உள்ளேயிருந்தது எழுந்து வந்துவிட்டது என்றே நம்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வயிற்றில் ஒரு உதை. மருந்துச் செம்பை வாயருகே கொண்டுபோனேன்.

அப்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

உச்சி வெயிலில் யாராவது பெயர் சொல்லி அழைத்தால் மூன்றாவது முறை கூப்பிடும் வரை பதில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேய் மூன்று முறை கூப்பிடாது என்பார்கள். அத்தை என் வாயைப் பொத்தினார். இரண்டாவது குரல் வந்தது. பிறகு வெகுநேரம் இரைச்சல் மட்டும்தான். மூன்றாவது குரல் பக்கத்திலேயே கேட்டது. மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது நர்ஸம்மா. வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“நோட்டுல உன் பேரு அப்படியே கீதும்மா. கலைஞ்சி போச்சின்னாங்க. என்னிக்குன்னு சொல்லு, அடிச்சிட்டுப் போறேன்” என்றார். சொல்லும்போதே அவர் பார்வை என் வயிற்றில் நின்றுவிட்டது.

அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே என்னைப் படுக்க வைத்தார். பையிலிருந்து ஒரு சாண் நீளக் குழலை எடுத்து மேட்டின்மேல் வைத்துக் காது கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடுகள் எண்ணின. காதை எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அவரும் பயந்துவிட்டார் என்று தெரிந்தபோது எனக்கு இருந்த கொஞ்ச உயிரும் போய்விட்டது.

“எதப் பொதைச்சீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

புள்ளயத்தான் என்றார் அத்தை.

“புள்ள இங்க கீது. நெஞ்சு அடிச்சிக்கினு கீது.”

செம்பை மோந்து பார்த்து மணலில் கவிழ்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நன்றாகத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றே செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். என் கர்ப்பப்பை பிறவியிலேயே நடுவில் பிரிந்து இரண்டு அறையாக இருந்ததாம். பிள்ளை வலது அறையில் இருந்தது. ரத்தம் போனதும், சுரண்டி எடுத்ததும் காலியாக இருந்த இடது அறையில். பிள்ளைக்காக அங்கேயும் தடித்திருந்த சவ்வைத்தான் நாங்கள் புதைத்துப் பால் தெளித்திருக்கிறோம். வலது அறையிலும் இடம் குறைவு, எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்று எச்சரித்தார். எட்டாம் மாதத்தில், கால் கீழாக இருந்தவளை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆனால் அழுத அழுகை வராந்தா வரை கேட்டதாம்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. தன்னை உயிரோடு புதைத்தவர் என்று அப்பாவை ஓட்டிக்கொண்டே இருப்பாள், அவரும் அசடு வழிவார். அந்தச் செம்பைப் பற்றி மட்டும் இருவருக்கும் தெரியாது. அத்தையும் நர்ஸம்மாவும் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான்கு வருடம் யாருக்காக ஏங்கினேனோ, அவள் வந்து என்னைத் தொட்டபோது பேய் என்று விரட்டப் போனவள் நான். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.